கடுக்காய்த் தண்ணீரும் பினாப்தலீனும்: மெட்ராஸ் டெரஸ் ஒன்றைப் பழுதுபார்த்த பதிவு

புதுச்சேரியின் தமிழர் பகுதியில் தாத்தா வாங்கிய வீடு. அதன் மாடியறையில் நான்கு மழைக்காலமாக ஒரே இடத்தில் பித்தளை அண்டா வைத்துக்கொண்டிருந்தோம். ஐப்பசி அடைமழையில் அண்டா நிறைய ஒரு ராத்திரி போதும். சென்ற ஆண்டு அண்டாவுக்கு நேர் மேலே இருந்த தேக்குச் சட்டத்தின் முனை, சுவருக்குள் நுழையும் இடத்தில், விரலால் குத்தினால் பொடியாகக் கொட்டியது. அதற்கு மேல் தள்ளிப்போட முடியவில்லை.

மச்சு எப்போது கெட்டது என்று எனக்குத் தெரியும். 1998-ல் அப்பா ஒரு ஒப்பந்தக்காரரை வைத்து மொட்டை மாடி முழுவதும் ஒரு அங்குலத்துக்குச் சிமென்ட் பூசினார். அப்போது எல்லோரும் செய்ததுதான் அது. சுண்ணாம்பு மச்சு வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், மழையில் கொஞ்சம் ஈரம் குடித்து வெயிலில் அதை வெளியே விட்டுவிடும். சிமென்ட் பூச்சுக்கு அந்த நெகிழ்வு கிடையாது. இரண்டு வருடத்தில் மயிரிழை வெடிப்புகள் விட்டன. வெடிப்பில் இறங்கிய தண்ணீர் வந்த வழியே ஆவியாகப் போக முடியாமல் கீழே மரத்தைத் தேடிப் போனது. நாங்கள் ஒவ்வொரு வருடமும் வெடிப்புக்கு மேல் இன்னொரு பூச்சு பூசி, தண்ணீருக்கு மூடி போட்டுக்கொண்டே இருந்தோம்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த மேஸ்திரி ஒருவரை விழுப்புரம் பக்கம் தேடிக் கண்டுபிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. எழுபதைத் தாண்டியவர். அவர் அப்பாவும் கொத்தனார், மகனும் கொத்தனார். நான் பெயின்ட் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். எதையும் எடை போட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன். அவர் எதையும் நாக்கிலும் விரலிலும் காதிலும் அளப்பவர். மாசி தொடங்கிப் பங்குனி முடிய நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு மச்சை எப்படிக் கட்டினோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் வேலை உடைப்பது. கடப்பாரை போட வேண்டாம், உளியால் மட்டும் எடுங்கள் என்றார். சிமென்ட் தோலை உரித்தவுடன் அடுக்குகள் தெரிந்தன. மேலே இரண்டு வரிசை தட்டோடு. அதன் கீழே சுமார் 3 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த கான்கிரீட். அதற்கும் கீழே 6 அங்குல நீளம், 3 அங்குல அகலம், 1 அங்குலத் தடிமனுள்ள சின்னச் செங்கற்கள். படுக்கவைக்காமல் குத்தாக நிறுத்தி, தேக்குச் சட்டங்களுக்குக் குறுக்கே மூலைவாட்டில் அடுக்கியிருந்தார்கள். எல்லாவற்றையும் தாங்குபவை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போட்ட சட்டங்கள். இதுதான் மெட்ராஸ் டெரஸ். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் இங்கே கற்றுக்கொண்டு தங்கள் மாளிகைகளுக்கும் அலுவலகங்களுக்கும் போட்டார்கள். பிரெஞ்சுக்காரர்களும் இந்த ஊரில் அதையே போட்டார்கள். பிறகு சட்டத்துக்குப் பதில் ஐரோப்பாவிலிருந்து வந்த இரும்பு உத்தரம் சேர்ந்தது. இன்றைக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் ஐ.எஸ். 2119 என்ற எண்ணில், தலைப்பிலேயே 'மெட்ராஸ் டெரஸ்' என்ற பெயரோடு இது இருக்கிறது. அந்த ஆவணத்தை அச்செடுத்து மேஸ்திரியிடம் கொடுத்தேன். படங்களை மட்டும் நிதானமாகப் பார்த்தார். "சரியாத்தான் போட்டுருக்காங்க தம்பி. ஆனா அடிக்கிறத எப்படிப் படத்துல போடுவாங்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் விளங்கியது.

பழைய காரையில் சுண்ணாம்பு எவ்வளவு, மணல் எவ்வளவு என்று தெரிந்தால் புதியதை அதே விகிதத்தில் கலக்கலாம். இதற்கு எங்கள் கூடத்தில் எல்லோரும் அறிந்த ஒரு வழி உண்டு. காரையை நொறுக்கி, காயவைத்து, எடை போட்டு, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டால் இறுகிய சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்துவிடும். மணலும் செங்கல் தூளும் தங்கும். தங்கியதை வடிகட்டி, கழுவி, காயவைத்து எடை போட வேண்டியதுதான். (வீட்டில் செய்பவர்கள் தண்ணீரில் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. கண்ணாடி, கையுறை, திறந்த ஜன்னல் மூன்றும் இல்லாமல் தொட வேண்டாம்.) 50 கிராம் எடுத்தேன். 21 கிராம் தங்கியது. கரைந்த 29 கிராமும் கால்சியம் கார்பனேட் என்று கொண்டு திருப்பிக் கணக்குப் போட்டால், நீற்றிய சுண்ணாம்பு ஏறக்குறைய 21 கிராம். ஆக எடைக் கணக்கில் 1-க்கு 1.

பெருமையோடு சொன்னேன். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. "ஒண்ணுக்கு ஒண்ணு போட்டா முகம் பூரா கோடு விழும். எந்த வீட்டுக்காரர் அவ்வளவு சுண்ணாம்புக்குக் காசு கொடுத்தாரு?" என்றார். எண்ணை நம்பி, இரண்டடிக்கு இரண்டடி மாதிரிப் பூச்சு ஒன்றை 1-க்கு 1 போட்டே செய்தேன். மூன்றாம் நாள் காய்ந்த குளத்துச் சேறு போலப் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

அவர் உடைந்த காரைத் துண்டை உள்ளங்கையில் வைத்து எச்சில் தொட்டுத் தேய்த்தார். சுட்டுவிரலால் இரண்டு மினுக்கும் பொடிகளை ஒதுக்கிக் காட்டினார். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். கிளிஞ்சல் சில்லு. தாத்தா காலத்து மணல் கழிமுகத்தில் அள்ளியது, அதில் சிப்பி உடைசல் கலந்தே இருந்திருக்கிறது. என் அமிலத்துக்குச் சுண்ணாம்பும் கிளிஞ்சலும் ஒன்றுதான், இரண்டும் கால்சியம் கார்பனேட். மணலாக நின்ற கிளிஞ்சலையும் அது சுண்ணாம்பு என்று கரைத்துவிட்டு எனக்குப் பொய்க் கணக்கு கொடுத்திருந்தது.

மறுபடியும் 50 கிராம். இந்தத் தடவை நொறுக்கிய பிறகு, இரண்டு மாலை உட்கார்ந்து, இடுக்கியால் சில்லுகளைப் பொறுக்கினேன். 8 கிராம் தேறியது. மீதியை அமிலத்தில் போட்டதில் 20 கிராம் கரைந்தது, 22 தங்கியது. 20 கிராம் கார்பனேட் என்றால் நீற்றிய சுண்ணாம்பு ஏறக்குறைய 15. மணல் 22-ம் 8-ம் 30. எடையில் 1-க்கு 2. மேஸ்திரி முதல் நாளே பாண்டுக் கணக்கில் சொல்லியிருந்த அளவை எடைக்கு மாற்றிப் பார்த்தேன், கிட்டத்தட்ட அங்கேயே வந்து நின்றது. இந்த ஒரு சோதனைக்காக மட்டும் நான் இந்தப் பதிவை எழுதியிருந்தாலும் போதும் என்று நினைக்கிறேன். பழைய கட்டடத்துக் காரையை ஆய்வுக்கு அனுப்புகிறவர்கள், அனுப்பும் முன்பு அந்த ஊர் மணல் தெரிந்த ஒரு கொத்தனார் கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள்.

இந்தக் காரையைப் பற்றி மேற்கில் எழுதியவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் ஐசக் பைக். செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்தவர். மெட்ராஸில் மிகச் சிறந்த சாந்து செய்யும் முறை என்று அவர் எழுதி அனுப்பியதை லண்டன் ராயல் சொசைட்டி 1732-ல் தன் ஆய்விதழில் அச்சிட்டது. 15 புஷல் மணல், 15 புஷல் சுண்ணாம்பு, 20 பவுண்டு வெல்லம், ஒரு பெக் பயறு வேகவைத்த கஞ்சி, ஒரு பெக் கடுக்காய் வேகவைத்த நீர். பளபளக்கும் மேல்பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு, நெய், மோர். புஷல் என்பது சுமார் 35 லிட்டர் கொள்ளும் பழைய ஆங்கில முகத்தலளவை, பெக் அதில் கால் பங்கு. மொத்தக் கலவையோடு வெல்லத்தை வகுத்துப் பார்த்தால் 100 லிட்டருக்குச் சுமார் 850 கிராம் வருகிறது. நாங்கள் 100 லிட்டர் கலந்த அன்று மேஸ்திரி போட்ட வெல்லத்தை, அவருக்குத் தெரியாமல் அல்ல, கேட்டுவிட்டே தராசில் வைத்தேன். 1 கிலோ 100. "அந்த தொரை கொஞ்சம் சிக்கனம்" என்றார். பைக் எழுதிய அந்தப் பயறு என்னவாக இருக்கும் என்று கேட்டேன். "கொள்ளுதான். எங்க தாத்தா கொள்ளுத் தண்ணி ஊத்துவாரு" என்று யோசிக்காமல் சொன்னார்.

கடிதத்தில் எடை இருக்கிறது, படி இருக்கிறது, தயாரிக்கும் வரிசை இருக்கிறது. மெட்ராஸில் அதைச் செய்துகாட்டிய கொத்தனாரின் பெயர் மட்டும் இல்லை. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

சுண்ணாம்புக்குப் பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து சுட்ட கிளிஞ்சல் வரவழைத்தோம். தொட்டியில் தண்ணீர் விட்டவுடன் கொதித்து எழுந்த சத்தம் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். சல்லடையில் வடித்து, 21 நாள் தண்ணீருக்கு அடியிலேயே வைத்தோம். வெண்ணெய் மாதிரி ஆகி, கரண்டியில் எடுத்தால் ஒட்டாமல் வழுக்கி இறங்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

கடுக்காயைக் கொட்டை நீக்கி, ஒன்றிரண்டாக இடித்து ஊறப்போட வேண்டும். மண்பானையில் போடச் சொன்னார். பானை போதாமல் நான் ஒரு பங்கைப் பழைய இரும்பு வாளியில் ஊறப்போட்டேன். பத்தாம் நாள் பானைத் தண்ணீர் பழுப்பாக, புளித்த வாசனையோடு இருந்தது. வாளித் தண்ணீர் கறுப்பு மையாக இருந்தது. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் டானின். டானின் இரும்போடு சேர்ந்தால் கறுக்கும், ஐரோப்பாவில் பல நூற்றாண்டு எழுதிய மசியும் அதே சேர்க்கைதான். பள்ளியில் படித்த வேதியியல் எனக்கு ஞாபகம் வந்தது வாளியைப் பார்த்த பிறகு. "ஏன் பானை?" என்று கேட்டிருந்தால் அவர் "கறுக்கும்" என்று சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. அந்த வாளித் தண்ணீரை முழுவதும் கொட்ட வேண்டியதாயிற்று.

வெல்லம் என்ன செய்கிறது என்று அவர் கேட்டபோது தெரிந்ததைச் சொன்னேன். சர்க்கரை கலந்த நீரில் சுண்ணாம்பு வெறும் நீரில் கரைவதைவிட அதிகம் கரையும். சாந்து குறைந்த தண்ணீரிலேயே வழுவழுப்பாகும். ஊறல் புளிக்கும்போது கரியமில வாயு வரும், சுண்ணாம்பு இறுகுவதற்கு வேண்டியதும் அதே வாயு. வடக்கே கடுக்காய்க்குப் பதில் வில்வப்பழம் போடுவார்கள் என்றதும் ஆர்வமாக நிமிர்ந்தார். "அதும் பிசினு, சரிதான்" என்றார்.

நடுவில் ஒரு சறுக்கல். மழைக்கு முன் முடியாதோ என்ற பயத்தில் மேஸ்திரியின் மகன் ஒரு மூலைக்கு மட்டும் சாந்தில் ஆறு சட்டி சிமென்ட் கலந்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அவருக்குப் பழகிய பொருள் அது. மறுநாள் காலை அந்த மூலை மட்டும் நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது. சிமென்ட் இறுகுவதைச் சர்க்கரை தடுக்கும். மிகக் கொஞ்சம் சேர்ந்தாலே போதும். சுண்ணாம்புக்கு உதவிய அதே வெல்லம் சிமென்டைக் கெடுத்துவிட்டது. இரண்டு முறைகளையும் சேர்க்கிறோம் என்று ஒரே சட்டியில் கொட்டினால் இரண்டும் போய்விடும் என்பதை எனக்கு யாரும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியதில்லை. மூலையைச் சுரண்டி எடுத்தோம்.

சிமென்ட் மேல் எனக்குக் கோபம் கிடையாது. 1824-ல் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கினார். இந்தியாவில் முதன்முதலில் அந்த வகைச் சிமென்ட் செய்யப்பட்டது 1904-ல், மெட்ராஸில், கடற்கிளிஞ்சலைக் கொண்டு. எங்கள் தொட்டியில் கொதித்த அதே மூலப்பொருள். 900 டிகிரி அளவில் சுட்டால் சுண்ணாம்பு, களிமண்ணோடு சேர்த்து 1450 டிகிரிக்குச் சுட்டால் சிமென்ட். அணைக்கும் பாலத்துக்கும் அது வேண்டும். ஆனால் மூச்சு விட்டுப் பழகிய ஒரு மச்சின் மேல் போய் உட்கார அதற்கு வேலை இல்லை.

கெட்டுப்போன இரண்டு சட்டங்களை மாற்றினோம். பழைய வீடு இடித்த தேக்கு. சுவருக்குள் போகும் முனையைச் சுற்றி சாந்து அடைக்காமல் விரல் நுழையும் அளவு சந்து விடச் சொன்னார், மரம் காய்வதற்கு. பிறகு செங்கல் அடுக்கு. இதை நேரில் பார்த்தவர்களுக்குத்தான் புரியும். கீழே முட்டுப் பலகை எதுவும் இல்லை. மூலையில் முதல் கல்லை ஒட்டினார். அடுத்ததை அதன் முதுகில் சாந்து தடவி அழுத்திப் பிடித்து, மனதுக்குள் எதையோ எண்ணி, கையை எடுத்தார். கல் அந்தரத்தில் நின்றது. காய்ந்த மெல்லிய கல் சாந்தின் ஈரத்தை உடனே இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. மூலைவாட்டில் போவதால் முதல் வரிசைக்கு ஒரு கல், அடுத்ததற்கு இரண்டு, மூன்று என்று ஒவ்வொரு வரிசையும் முந்தையதின் மேல் சாய்ந்து வளர்கிறது. நான் முயன்ற கல் மூன்று முறை விழுந்தது. நாலாவது நின்றது. அது இன்னும் அங்கே இருக்கிறது, எது என்று எனக்குத் தெரியும்.

ஜல்லிக் கான்கிரீட் போட்ட பிறகு அடிக்கும் வேலை. சித்தாள் அக்காக்கள் ஆறு பேர், இரண்டு வரிசையாகக் குந்தி உட்கார்ந்து, கைக்கு ஒரு மரக்கட்டையோடு, பின்னால் நகர்ந்துகொண்டே அடித்தார்கள். ஒருவர் பாட்டெடுத்தார், மற்றவர்கள் அடியிலேயே பதில் சொன்னார்கள். நான் முதலில் பாட்டு அலுப்பு தீர்க்க என்று நினைத்தேன். ஆறு கட்டையும் ஒரே கணத்தில் விழுந்தால்தான் ஒருவர் அடித்துத் தாழ்த்தியதை அடுத்தவர் அடி எழுப்பிவிடாது. பாட்டுதான் அந்தக் கணத்தை வைத்திருந்தது. நடுநடுவே கடுக்காய்-வெல்லத் தண்ணீரைத் தெளித்தார்கள். முதல் நாள் சத்தம் சொத் சொத் என்று ஈர மண்ணில் விழுந்தது. இரண்டாம் நாள் கட்டிப்பட்டது. நாலாம் நாள் மதியம் கட்டை தானாகத் துள்ளி எழுந்தது, தழும்பும் விழவில்லை. கீழே திண்ணையில் டீ குடித்துக்கொண்டிருந்த மேஸ்திரி அங்கிருந்தே "போதும், நிறுத்துங்கம்மா" என்று குரல் கொடுத்தார். மேலே ஏறிப் பார்க்கவே இல்லை. சத்தம் மாறியதை அவர் கேட்டிருந்தார். அடிப்பதை எப்படிப் படத்தில் போடுவார்கள் என்று அவர் கேட்டது அப்போது எனக்கு உறைத்தது.

அந்த ஆறு பேருக்கும் முதலில் பேசிய கூலி கொத்தனார் கூலியில் பாதி. மச்சு ஒழுகாமல் இருப்பது அவர்கள் கையில் இருக்கிறது என்றால் பாதிக் கூலி எந்தக் கணக்கிலும் சரியில்லை. அடித்த நான்கு நாளுக்கும் கொத்தனார் கூலியே கொடுத்தேன். இது என் தாராளம் அல்ல. முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

தட்டோடு பதித்து, வடகிழக்குப் பக்கம் வாட்டம் கொடுத்து, மேல்பூச்சு முடித்து, ஈரச் சாக்கு போட்டு இரண்டு வாரம் நனைத்தோம். ஒவ்வொரு கலவையிலிருந்தும் மாதிரிக் கட்டிகள் வார்த்து வைத்திருந்தேன். 28-ம் நாள் ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தில் பினாப்தலீன் தெளித்தேன். காரம் இருக்கும் இடத்தில் அது அடர்ந்த இளஞ்சிவப்பாகும், காற்றை உறிஞ்சி இறுகிய சுண்ணாம்பில் நிறம் வராது. நடுவெல்லாம் செம்பருத்தி நிறம். ஓரத்தில் மட்டும் 3 மில்லிமீட்டர் வெள்ளைக் கோடு. தாத்தா காலத்துக் காரையை உடைத்துத் தெளித்தால் எங்கேயும் நிறமே இல்லை.

மேஸ்திரி இரண்டு துண்டுகளையும் நெடுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அப்ப உள்ளே இன்னும் பச்சையாத்தான் இருக்கு" என்றார். சுண்ணாம்பு இறுக வருடக்கணக்காகும் என்று அவர் அப்பா சொல்வாராம், அவரும் ஐம்பது வருடமாக வீட்டுக்காரர்களிடம் சொல்லிவருகிறார், நம்பியவர்கள் கொஞ்சம் பேர். கண்ணால் காட்ட ஒரு வழி இருக்கிறது என்று அவருக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. அந்தப் பாட்டிலை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு போனார். அடுத்த மாதம் போன் செய்து, இன்னொரு வீட்டில் வீட்டுக்காரர் அவசரப்பட்டு பெயின்ட் அடிக்கப் போனதை அந்த நிறத்தைக் காட்டி நிறுத்தியதாகச் சொன்னார். தீர்ந்துவிட்டது, இன்னொரு பாட்டில் வேண்டும் என்றார். 1 கிராம் பினாப்தலீனை 100 மில்லி ஆல்கஹாலில் கரைக்க வேண்டியதுதான். மூன்று பாட்டில் அனுப்பினேன். 90-ம் நாள் கட்டியில் வெள்ளைக் கோடு 6 மில்லிமீட்டர்.

கைப்பிடிச் சுவரின் உட்புறத்தில் கடைசிப் பூச்சு ஈரமாக இருந்தபோது ஆணி ஒன்றைக் கொடுத்து எல்லோரையும் பெயர் எழுதச் சொன்னேன். அக்காக்கள் ஆறு பேரில் இரண்டு பேர் தயங்கினார்கள், மற்றவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். மகன் எழுதினார். மேஸ்திரி, தன் பெயருக்கு முன் அப்பா பெயரையும் முழுசாக எழுதினார், முதலெழுத்து போதாது என்று. கொஞ்சம் யோசித்து, அதற்குக் கீழே மாசி, பங்குனி என்று மாதங்களையும் போட்டார்.

ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் பெய்தது. அண்டா இருந்த இடம் காய்ந்தே கிடந்தது. வடமேற்கு மூலையில், சிமென்ட் கலந்து சுரண்டி எடுத்த அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓதம் தெரிகிறது, சொட்டவில்லை. போட்டோ அனுப்பினேன். இப்போது தொட வேண்டாம், தை பிறக்கட்டும், வெயில் ஏறிய பிறகு அந்த இரண்டடியை மட்டும் எடுத்துத் திரும்ப அடிக்கலாம் என்றார். கடுக்காய் இப்போதே பானையில் ஊறுகிறது.